மதுரை மண்ணில் பழைய ஜிப்சி: வாங்கிய நாளிலிருந்து மூன்றாவது மழைவரை

பழைய மாருதி ஜிப்சி (நான்கு சக்கர இழுவையுள்ள ஜீப் வகை வண்டி) வாங்குகிறவர்கள் பணத்தை இறக்கும் வரிசை பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கிறது. முதலில் பெரிய டயர், அடுத்து வண்டியைத் தூக்குவது, பிறகு இரும்பு பம்பர், கூரை விளக்கு. கிங்பின் பேரிங்கும் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங்) ஆக்சில் சீலும் (எண்ணெயை வெளியே விடாத ரப்பர் வளையம்) கடைசியில், அதுவும் ஏதாவது உடைந்த பிறகு. மதுரை வட்டாரத்தில் ஜிப்சியைத் தின்பவை நான்கு: மேலூர்ப் பக்கத்துச் செம்புழுதி, திருமங்கலம்-கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் சேறு, சீமைக்கருவேல முள், சித்திரை வெயில். முள்ளைத் தவிர மற்ற மூன்றும் கண்ணில் படாத இடத்தில் வேலை செய்பவை. அதனால் முதல் ஆறு மாதச் செலவில் ஒரு ரூபாய்கூட வெளியே தெரியக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எந்த ஜிப்சி என்பதில் குழப்பம் வேண்டாம். 1985-ல் வந்த முதல் வண்டி 970 சிசி, நாலு கியர். இன்று அது சேகரிப்பாளர்களுக்கு உரியது. 1993-ல் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது. 1996-ல் வந்த 'கிங்' 1298 சிசி, ஐந்து கியர். அதிலும் 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டிகள்தான் வார இறுதி வேலைக்குச் சரி. 80 குதிரைத்திறன், ஒரு டன் அளவுக்கே எடை. எஸ்டீம் காரின் எஞ்சின் குடும்பம் என்பதால் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சீல் போன்றவற்றுக்கு அலைய வேண்டியதில்லை. கார்பரேட்டர் வண்டி மலிவாகக் கிடைத்தால், பெட்ரோல் குழாய்கள் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை.

பதிவு எண்ணைப் பார்த்தே பாதி கதை தெரியும். டிஎன் 65 ராமநாதபுரம், டிஎன் 69 தூத்துக்குடி என்றால் உப்புக் காற்று பட்டிருக்கலாம். இடுக்கி எஸ்டேட்டிலிருந்து வந்தால் ஆண்டு முழுக்க மழை. மதுரையின் 58, 59, 64, திண்டுக்கல்லின் 57, தேனியின் 60 ஆகிய எண்களில் ஒரே வட்டாரத்தில் ஓடிய வண்டிக்குத் துரு குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ராணுவம் கழித்துவிட்ட டிஸ்போசல் வண்டியில் கிலோமீட்டர் குறைவு என்ற பேச்சில் மயங்க வேண்டாம். குறைந்த கிலோமீட்டரையும் பள்ளத்திலேயே ஓட்டியிருப்பார்கள். அந்த ராணுவப் பச்சை நிறத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி அது பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். சின்னச் சுத்தியலால் சேஸிஸைப் பின்பக்க ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் தகடு) பிராக்கெட்டிலிருந்து தட்டிக்கொண்டே முன்னால் வர வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்னும். உள்ளே அரித்த இடம் செத்த சத்தம் தரும். பெயின்ட் புதிதாக அடித்த சேஸிஸில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். ஓட்டுநர் கால் வைக்கும் தரை, சீட் போல்ட் சுற்றுப்புறம், கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். தரைத்தகடு ஓட்டையானால் டிங்கரிங்கில் சரியாகும். ஸ்பிரிங் பிராக்கெட் அருகே சேஸிஸ் அரித்திருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்து முன் சக்கரத்தின் உட்புறம். உருண்டை வடிவ நக்கிளைச் (சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) சுற்றி எண்ணெயும் கிரீஸும் கலந்து வழிந்திருந்தால், ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) எண்ணெய் உள் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது என்று பொருள். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். இப்போதும் ஆடினால் கிங்பின். நின்றுவிட்டால் வீல் பேரிங். 60-லிருந்து 80 கி.மீ. வேகத்துக்குள் ஸ்டியரிங் பேய் பிடித்ததுபோல் உதறும் ஜிப்சிகளில் பெரும்பாலும் கிங்பின் பேரிங்கோ டை ராடு எண்டோ தேய்ந்திருக்கும். உதறலை அமுக்கும் ஸ்டியரிங் டேம்பர் போட்டு அதை மறைத்து விற்பதும் உண்டு.

ஓட்டிப் பார்க்கும்போது மண் தரையில் ஃபோர் வீல் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) போட்டு, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைத் திடீரென விடுங்கள். லீவர் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) பிரிக்க வேண்டும், அல்லது அதைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுன்ட்களில் ஒன்று கிழிந்திருக்கும். மவுன்ட் என்றால் சின்னச் செலவு. ஆனால் விலை பேசும்போது பெரிய செலவாகவே கணக்கில் எடுங்கள்.

ஆவணங்களில் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இல்லாமல் முன்பணம் தரக் கூடாது. வேறு மாநிலமென்றால் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28, கடன் இருந்த வண்டியென்றால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-உம் வேண்டும். 15 ஆண்டு முடியும் வண்டிக்குப் படிவம் 25-ல் ஐந்தாண்டுப் புதுப்பித்தல். காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. சேஸிஸ் எண் துருவில் மங்கியிருந்தால் பென்சில் பிரிண்ட் விழாது, ஆய்வில் வண்டி நின்றுவிடும். டீசல் எஞ்சின் மாற்றிய ஜிப்சியை, ஆர்சி-யில் அது ஏறாமலிருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தயாரிப்பாளர் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இரும்பு புல் பார் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு எழுதிவிட்டது. பெரிய டயருக்கும் தூக்கலுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிப்பதுதான் பாதுகாப்பு.

இனி வேலை. ஞாயிற்றுக்கிழமை லேத்தும் கிடைக்காது, ஸ்பேர் கடையும் கிடைக்காது. ஆகவே வெள்ளி மாலைக்குள் பொருள் கையில் இருக்க வேண்டும்; லேத்துக்குப் போக வேண்டியதை சனி மதியத்துக்குள் கழற்றிவிட வேண்டும். முதல் வாரம் அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, எல்லா எண்ணெயையும் இறக்குங்கள். கியர் பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8, முன் ஹவுசிங் 2, பின் ஹவுசிங் 1.5 லிட்டர் என்ற அளவில் பிடிக்கும். நிரப்பும் துளையிலிருந்து வழிவதுதான் கடைசிக் கணக்கு. இறக்குவதற்கு முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். இறக்கிய பிறகு மேல் போல்ட் இறுகியிருப்பது தெரிந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கியர் எண்ணெயின் தர வகையில் ஹவுசிங்குக்கு ஜிஎல்-5, கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4. ஜிஎல்-5 எண்ணெயை கியர் பாக்ஸில் ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ வளையம் பாதிக்கப்படலாம். இறங்கிய எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது வாரம் முன் நக்கிள். ஒரு பக்கத்துக்கு கிங்பின் பேரிங் 2, வீல் பேரிங் 2, ஹப் சீல் 1, உள் ஆக்சில் சீல் 1, நக்கிள் வெளிச் சீல் செட் 1, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்கள். காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் குழாயில் தொங்கக் கூடாது. ஆக்சிலைத் திரும்பச் செருகும்போது அதன் பல் நுனி புதுச் சீலின் உதட்டில் உரசினால் சீல் அன்றே போய்விடும். நுனியில் கிரீஸ் தடவி, ஆக்சிலைக் கையில் தாங்கியபடியே நேராகச் செலுத்த வேண்டும். ஷிம் அதிகமானால் கிங்பின் ஆடும், குறைந்தால் ஸ்டியரிங் திரும்பி வராது. வெளிச் சீலைப் போடுவதற்கு முன், நக்கிள் கையில் சீரான இறுக்கத்தோடு திரும்புகிறதா என்று பார்த்து ஷிம்மை முடிவு செய்யுங்கள். புழுதிதான் இந்தச் சீலுக்கு எமன். உருண்டையின் மேற்பரப்பில் துருப்புள்ளி இருந்தால் எமரி பேப்பரால் வழவழப்பாக்காமல் புதுச் சீல் போடுவது வீண்.

அதே சமயத்தில் செய்ய வேண்டிய மலிவான, மிகப் பயனுள்ள மாற்றம் பிரீதர் (ஹவுசிங் காற்று வாங்கும் துளை) குழாய். ஓடிச் சூடான ஹவுசிங் வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரு ஹவுசிங்கின் பிரீதரிலும் பெட்ரோல் குழாயை மாட்டி, முன்னதை எஞ்சின் அறையின் மேற்பகுதிக்கும் பின்னதை பாடிக்குள் உயரமான இடத்துக்கும் கொண்டுபோய், நுனியில் சின்ன ஃபில்டர் வையுங்கள். கூரை விளக்குக்குத் தரும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ரேடியேட்டரைக் கழற்றி ராடு அடிப்பது (கம்பி விட்டு அடைப்பை எடுப்பது) வெயில் தொடங்கும் முன்பே முடிய வேண்டும். லோவில் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று இல்லை. பங்குனி, சித்திரையில் பாதி அடைத்த ரேடியேட்டர் தாங்காது. டைமிங் பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒரே பிரிப்பில்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டயர். கம்பெனி அளவு 205/70 ஆர்15, விட்டம் 668 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703 மி.மீ., தரை உயரம் சுமார் 18 மி.மீ. கூடும், மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63. 235/75 ஆர்15 என்றால் 733 மி.மீ., உயரம் 33 மி.மீ. கூடும், ஆனால் ஃபெண்டரில் உரசும், மைலேஜ் இறங்கும், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடை கீலைப் பிளக்கும். ஜிப்சியின் லோ அவ்வளவு ஆழமானதும் இல்லை: ஹை 1.409, லோ 2.268, அதாவது 1.6 மடங்குதான். பெரிய டயர் அந்தக் கொஞ்ச நஞ்ச இழுவையையும் தின்றுவிடும். முன் ஆக்சில் ஜாயின்ட்டின் மீது சுமையும் கூடும். மதுரைக்கு 215/75 ஆல் டெரெயின் போதும் என்பேன். மட் டெரெயின் கரிசலுக்கென்று வாங்குகிறார்கள்; நனைந்த கரிசல் எந்தப் பள்ளத்தையும் பத்துச் சுற்றில் அடைத்துவிடும், அதற்குப் பின் வழுக்குவதில் பெரிய வித்தியாசமில்லை. கரிசலில் மழை பெய்தால் இரண்டு நாள் காத்திருப்பதே நல்லது.

கருவேல முள் தனிப் பாடம். முள் டயருக்குள் ஏறி முறிந்துவிடும், அன்று காற்று இறங்காது. நாலைந்து நாள் கழித்துத் தார்ச்சாலையில் மெல்ல இறங்கும். மண் ஓட்டம் முடிந்ததும் டயரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. டிரெட்டில் ஏறியது பிளக்கில் நிற்கும். பக்கவாட்டில் ஏறியதற்குப் பிளக் நம்பிக்கையில்லை. மணலில் 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். 15-க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டு இறங்கும். கையில் கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கவே வேண்டாம்.

தூக்கல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது 1 அங்குலம்தான். முன்பக்கம் கேஸ்டர் (கிங்பின் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்து நேர்சாலையில் வண்டி அலையும். அதைவிடப் பட்டறையில் ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து, தளர்ந்ததை மாற்றி, வளைவு ஏற்றி வாங்குவது மேல். பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ், புது புஷ், புது யூ போல்ட். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. புதியதையும் 100 கி.மீ.யில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை இறுக்குங்கள். சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டுப் பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று பாருங்கள். பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றி ஐந்தாறு அங்குலம் தூக்கும் வேலை, இந்தக் குறுகிய வண்டியைச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் கவிழக் காத்திருப்பதாக ஆக்கிவிடும்.

எங்கே ஓட்டுவது? அனுமதி பெற்ற பட்டா நிலம், தோட்டத்து வண்டிப்பாதை. அழகர்மலை, நாகமலைக் காப்புக்காடுகள் கூடாது. 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி கூடாது. தண்ணீர் இல்லாத கண்மாயும் ஊர்ச் சொத்து. கரையில் ஏறி இறங்கினால் அடுத்த ஐப்பசி மழையில் அந்த இடம்தான் உடையும். தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள், முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு ஜாயின்ட் போகும். ஹப்பில் ஃப்ரீ வீல் லாக் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் திருகு) இருக்கும் வண்டியென்றால் மண்ணில் இறங்கும் முன் இரு பக்கமும் திருப்பினீர்களா என்று பாருங்கள்.

மீட்புக்கு மின்சார வின்ச்சை விட 1.6 டன் கை வின்ச் இந்த எடைக்குப் போதும், பேட்டரியையும் கெடுக்காது. இழுக்கும் கொக்கி சேஸிஸில் 10.9 தர போல்ட்டில் இருக்க வேண்டும். கரிசலில் ஜாக்கி புதையும். ஓரடிச் சதுரக் கட்டைப் பலகை வண்டியிலேயே கிடக்கட்டும்.

பராமரிப்பில் மூன்றாவது மழைக்குள் திரும்ப வருபவை எந்த வண்டியிலும் ஏறத்தாழ இந்த மூன்றுதான்: புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்ட்டின் மூட்டு), பின் ஆக்சில் சீல், ஏர் ஃபில்டர் பெட்டியின் ரப்பர். பின் சீல் போனால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிப்பது முதல் அறிகுறி. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் விரலை விட்டுத் தடவுங்கள், செம்மண் ஒட்டினால் ரப்பர் போய்விட்டது. கரிசலில் இறங்கிய அன்றே சேஸிஸ் உட்புறத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், காய்ந்தால் அது சிமென்ட். ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். கழுவி முடித்ததும் கிரீஸ் அடிக்கும் எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வந்து புது நிறம் தெரியும்வரை அடியுங்கள்.