"ஆயில் பம்ப் போச்சு" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கஜா புயலுக்குப் பிறகு, 2018 கடைசியில், தோப்பில் விழுந்து கிடந்த தென்னைகளை அறுக்க வாங்கிய செயின் சா மெஷின் என்னுடையது. பேராவூரணிப் பக்கம் அப்போது ஆளும் கிடைக்கவில்லை, மெஷினும் கிடைக்கவில்லை. கிடைத்ததை வாங்கினோம். 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). இத்தனை வருடம் நன்றாகவே உழைத்தது.

போன மாதம் பட்டுப்போன தென்னை ஒன்றைத் துண்டு போடும்போது பாரிலிருந்து புகை கிளம்பியது. செயின் அடிக்கடி தொளதொளத்தது. இறுக்கினால் மறுபடி தொங்கியது. பாரின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. பெட்ரோல் தீர்ந்து நிரப்பப் போனால், செயின் ஆயில் டேங்க் ஊற்றியது ஊற்றியபடி இருக்கிறது. பெட்ரோல் ஒரு டேங்க் தீரும்போது ஆயிலும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். அதாவது செயினுக்கு ஆயிலே போகவில்லை. ஏன் என்று பார்க்காமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரர் டேங்க் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஆயில் பம்ப் போச்சு சார், பாரும் வெந்துபோச்சு. சாயங்காலம் வாங்க." புது பார், செயின் எல்லாம் சேர்த்து பில் 4,150 ரூபாய். அதில் பம்ப் மட்டும் 1,400. பழைய பம்ப் எங்கே என்று கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஓட்டிக் காட்டச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாம் நாளே அதே புகை. இந்த முறை புது பார்.

எங்கள் ஊரில் மரம் அறுக்கும் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணே, முதல்ல ஒரு அட்டையைக் கொண்டாங்க" என்றார். அட்டையைத் தரையில் போட்டு, பாரின் முனையை அதற்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முழு வேகத்தில் அரை நிமிடம் ஓட்டினார். ஆயில் வந்தால் அட்டையில் கோடாகத் தெறிக்கும். ஒரு பொட்டுகூட இல்லை. மெஷினை நிறுத்தி பாரைக் கழற்றி, ஆயில் வரும் ஓட்டையில் கம்பி விட்டுப் பார்த்தார். தென்னைத் தூள் ஈரமாகப் போய் அடைத்துக்கொள்ளும் இடம் அதுதானாம். அது சுத்தமாக இருந்தது. அப்புறம் கம்பியைக் கொக்கியாக வளைத்து டேங்குக்குள் இருந்த ஃபில்டரை வெளியே இழுத்தார். கருப்புக் களிம்பு அப்பிக் கிடந்தது. பெட்ரோலில் அலசி, டேங்கையும் கழுவி, அவரிடம் இருந்த செயின் ஆயிலை ஊற்றி ஓட்டினால் அட்டையில் கோடு விழுகிறது. மொத்தம் இருபது நிமிடம்.

அப்படியானால் மாற்றிய பம்ப்? எனக்கு ஆறவில்லை, பம்பை மறைத்திருக்கும் கிளட்ச்சைக் கழற்றச் சொன்னேன். (அது இடது மரை. வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும்.) உள்ளே பம்ப் ஸ்க்ரூக்களின் தலையில் பழைய தூள் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. அங்கே யாரும் ஸ்க்ரூ டிரைவர் வைத்ததற்கான அறிகுறியே இல்லை.

களிம்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அதே கடையில் லூசில் வாங்கிய "செயின் ஆயில்" வண்டியில் வடித்த வேஸ்ட் ஆயில். நல்ல செயின் ஆயிலை இரண்டு விரலுக்கிடையில் வைத்துப் பிரித்தால் நூல் மாதிரி இழுபடும். செயின் சுற்றும் வேகத்திலும் பாரோடு ஒட்டி நிற்க அந்தப் பசை வேண்டும். இது தண்ணீராக ஓடியது. போதாததற்கு அதில் கரியும் இரும்புப் பொடியும் வேறு. அதுதான் ஃபில்டரை அடைத்தது. கோளாறையும் அவரே விற்றார், ரிப்பேரையும் அவரே விற்றார்.

அட்டையையும் அந்த ஸ்க்ரூவை எடுத்த போட்டோவையும் கொண்டுபோய்க் காட்டினேன். பையன் தெரியாமல் பில் போட்டுவிட்டான் என்று பம்ப் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தார். பாருக்கும் செயினுக்கும் வாய் திறக்கவில்லை. மீதி அரை கேன் கருப்பு ஆயில் இப்போது மோட்டார் கொட்டகைக் கதவின் கீலுக்குப் போகிறது.