மெடிக்கல் ஸ்கூலுக்கு மறுபடி விண்ணப்பிப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் போன வருடம் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தேன், எங்கும் இடம் கிடைக்கவில்லை. இந்த முறை பர்சனல் ஸ்டேட்மென்ட்டை (ஏன் டாக்டராக விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) ஒழுங்காகத் திருத்தலாம் என்று, மறுபடி விண்ணப்பிப்பவர்களுக்கென்றே உதவுவதாகச் சொன்ன ஓர் ஆலோசகரிடம் 900 டாலர் கட்டினேன். பகுதிநேர வேலையில் நான்கு மாதம் சேர்த்த பணம்.

மூன்று வாரம் கழித்து வந்தது என் பழைய கட்டுரைதான். அங்கங்கே சாதாரண வார்த்தையை எடுத்துவிட்டுப் பெரிய வார்த்தை போட்டிருந்தார், அவ்வளவுதான்.

இடையில் ஒரு வருடம் ஹாஸ்பிஸில் (இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) தன்னார்வலராக இருந்தேன். பேச முடியாத ஒரு பாட்டி தினமும் ஜன்னல் பக்கம் விரலை நீட்டுவார். திரையை விலக்கச் சொல்கிறார் என்று நானும் விலக்கிக்கொண்டே இருந்தேன். அங்கே வாடிக்கிடந்த தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் என்று புரிய நான்கு நாள் ஆனது. இதைத்தான் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். ஆலோசகர் அதை வெட்டிவிட்டு, கடைசிப் பத்தியில் 'இரக்கத்தின் பொருளை உணர்ந்தேன்' என்று ஒரே வரி சேர்த்திருந்தார்.

முன்பு விண்ணப்பித்த கல்லூரி நம் பழைய கட்டுரையையும் எடுத்துப் பார்க்க முடியும். போன முறைக்கு அப்புறம் என்ன மாறியிருக்கிறது என்று பல கல்லூரிகள் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் நேராகவே கேட்கின்றன. அந்த ஒரு வருடத்தை வெட்டிவிட்டால் நான் எதைக் காட்டுவது?

இதைவிட மோசம் முதல் பத்தி. என் தாத்தா மாரடைப்பில் சரிந்து விழுவதாக ஒரு காட்சி! என் தாத்தாவுக்கு மாரடைப்பே வந்ததில்லை. கேட்டதற்கு, "தொடக்கம் வலுவாக இருக்க வேண்டாமா?" என்றார். கொடுத்த தகவல் உண்மை, கட்டுரை என்னுடையது என்று உறுதி கொடுத்துத்தான் ஆம்காஸில் (AMCAS, மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பச் சேவை) சமர்ப்பிக்கிறோம். நேர்காணலில் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வேன்? படித்ததும் கை நடுங்கிவிட்டது.

நீளமும் தப்பு. இடைவெளிகளையும் சேர்த்து 5,300 கேரக்டர்தான் அனுமதி, அவருடையது 5,900-ஐத் தாண்டியது. சமர்ப்பித்த பிறகு கட்டுரையில் கை வைக்கவும் முடியாது.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: நீங்களே எழுதித் தருவீர்களா, குறிப்பு மட்டும் சொல்வீர்களா? பழைய கட்டுரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பீர்களா? நான் கேட்கவில்லை.

வரும் விண்ணப்பங்களை அவ்வப்போதே பரிசீலித்து இடம் கொடுக்கும் கல்லூரிகள் நிறைய. அதனால் போன மூன்று வாரமும் எனக்கு நஷ்டம்தான். செடியிலிருந்து தொடங்கி நானே மறுபடி எழுதினேன். ஆலோசகரோ 'வரைவு கொடுத்தாயிற்று, பணம் திரும்பாது' என்கிறார். கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.