பெர்ஷியனா, மெயின் கூனா?

புதுச்சேரியில் சடைப்பூனை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெர்ஷியன். இப்போது பசங்க மெயின் கூன் வேண்டும் என்கிறார்கள். நீளமுடியை விட்டால் இரண்டுக்கும் பெரிய ஒற்றுமை இல்லை.

பாரசீகத்து நீளமுடிப் பூனைகளைப் பற்றி 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே எழுதியிருக்கிறார். ஆனால் மரபணுவைப் பார்த்தால், இன்றைய பெர்ஷியன் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருக்கம். மெயின் கூன் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் எலி பிடித்துப் பிழைத்த பண்ணைப் பூனை. 1985 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூனை. ரக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கின் கலப்பு என்பதெல்லாம் கட்டுக்கதை.

பெர்ஷியனை விற்பவர்கள் டால் ஃபேஸ் (மூக்கு எடுப்பாக இருப்பது), செமி பஞ்ச் (பாதி சப்பை), பஞ்ச் ஃபேஸ் (முழுச் சப்பை) என்று பிரிப்பார்கள். முகம் சப்பையாகச் சப்பையாக விலை ஏறும். என்னைக் கேட்டால் டால் ஃபேஸ்தான் சரி. மூக்கு உள்ளே அமுங்கினால் கண்ணீர்க் குழாயும் வளைந்துவிடும். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், தினமும் பூளை துடைக்க வேண்டும். மூச்சுவிடவும் சிரமம். நம் ஊர் கத்திரி வெயிலில், அதுவும் கடற்கரைப் புழுக்கத்தில், அதை ஏன் வதைக்க வேண்டும்?

முடி விஷயத்தில் பெர்ஷியன் தினமும் சீப்பு கேட்கும். உள்முடி அடர்த்தி, இரண்டு நாள் விட்டால் அக்குளிலும் வயிற்றிலும் சிக்கு விழுந்துவிடும். மெயின் கூனுக்குத் தோளில் முடி குட்டை, வயிற்றிலும் பின்னங்காலிலும் நீளம். வாரம் இரண்டு மூன்று முறை வாரினால் போதும். ஆனால் அது பனிக்குப் பழகிய உடம்பு. எதை வாங்கினாலும் மே மாதக் கரண்ட் பில்லை மறந்துவிடாதீர்கள்.

குணம்? பெர்ஷியன் வைத்த இடத்தில் இருக்கும், சத்தமும் குறைவு. மெயின் கூன் ஆள் பின்னாலேயே அலையும், குருவி மாதிரிக் கீச்சிடும், வாளித் தண்ணீரில் கையை விடும். ஆண் பூனை 8 கிலோவைத் தாண்டலாம். முழுதாக வளர மூன்று நான்கு வருடம் ஆகும். வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு அது தோதுப்படாது. மாடியும் விளையாடப் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு, அதுவும் ஜன்னலுக்கு வலை அடித்திருந்தால், தாராளமாக வாங்கலாம்.

காதில் குஞ்சம் இருப்பதால் மட்டும் ஒரு குட்டி மெயின் கூன் ஆகிவிடாது. தாய் தந்தையைப் பார்க்க வேண்டும். பெர்ஷியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, மெயின் கூனுக்கு இதயத் தசை தடிப்பு, இரண்டும் பரம்பரையாக வரக்கூடியவை. மரபணுச் சோதனை இரண்டுக்கும் உண்டு. மெயின் கூனுக்கு அதோடு இதய ஸ்கேனும் வேண்டும். தாய் தந்தையின் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.