காசிமேட்டுப் படகுகளுக்குச் செய்தி: பரப்பலா, ஒப்புகையா?

காசிமேட்டு விசைப்படகு உரிமையாளர்கள், ஐஸ் ஆலைக்காரர்கள், வேன் ஓட்டுநர்கள் ஆகியோரின் கைப்பேசிகள் நடுவில் சர்வர் இல்லாமல் தங்களுக்குள்ளேயே செய்தி பரிமாறிக்கொள்ளும் பியர்-டு-பியர் மென்பொருள் ஒன்றை ராயபுரத்தில் நாங்கள் நால்வர் எழுதி வருகிறோம். செய்தி போய்ச் சேர்வதை உறுதிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன: கிடைத்த செய்தியை ஒவ்வொரு கைப்பேசியும் அண்டைக் கைப்பேசிகளுக்குப் பரப்பும் காசிப் முறை, பெறுநரிடமிருந்து 'கிடைத்தது' என்ற ஒப்புகை வரும்வரை செய்தியைச் சேமித்துவைத்து மறுபடி மறுபடி அனுப்பும் முறை. முதலாவதில் தொடங்கி இரண்டாவதற்கு மாறினோம்.

பரப்பல் முறை பழையது. தரவுத்தளப் பிரதிகளை ஒத்திசைக்க ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தினர் 1987இல் அதை விளக்கினார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது, பியர்-டு-பியர் மென்பொருள்களுக்கான ஆயத்த நிரல் தொகுப்பான லிப்பீட்டூபீ நூலகத்தில் உள்ள காசிப்சப் என்னும் பரப்பல் நெறிமுறை. அதில் முழுச் செய்தியும் ஏறத்தாழ 6 அண்டைக் கணுக்களுக்கு (இங்கே கைப்பேசிகளுக்கு) செல்லும். வேறு சில கணுக்களுக்குச் செய்தியின் அடையாள எண் மட்டும் போகும், தேவைப்பட்டவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மீன் ஏல விலையைப் போல எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியவேண்டியதற்கு இது மிகவும் பொருத்தம்.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது, பெறுநர் இணைப்பில் இல்லாத நேரம். இயல்பான அமைப்பில் காசிப்சப் தன் பராமரிப்பு வேலைகளை நொடிக்கு ஒருமுறை செய்யும், அதைத் துடிப்பு என்பார்கள். அப்படிக் கடைசி 5 துடிப்புகளின் செய்திகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். கரையில் இருப்பவருக்கு அது போதும். ஒரு வாரம் கடலில் இருந்துவிட்டு சிக்னல் எட்டும் தொலைவுக்குத் திரும்பும் படகுக்கு, அதற்காக அனுப்பிய செய்தி எந்தக் கைப்பேசியிலும் மிஞ்சியிருக்காது.

ஒப்புகை முறையிலும், எதை ஒப்புகை என்று கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் அடிப்படை நெறிமுறையான டிசிபியின் ஒப்புகை, எதிர்முனை இயங்குதளத்துக்குத் தரவு வந்ததை மட்டுமே சொல்லும். செயலி அதைப் பத்திரப்படுத்தியதா என்பதைச் சொல்லாது. தொடக்கத்தில் நாங்கள் எழுதிய ஒப்புகையும் அப்படித்தான் இருந்தது. ஓர் இரவு 2 மணிக்கு, 40 கட்டி ஐஸ் கேட்ட செய்தி ஆலைக் கைப்பேசிக்குப் போய், ஒப்புகையும் திரும்பி வந்தது. செயலி செய்திகளைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் எழுதுவதற்குள் பேட்டரி தீர்ந்து அந்தக் கைப்பேசி அணைந்துவிட்டது. அனுப்பியவர் கைப்பேசியோ, வேலை முடிந்ததென்று தன் பிரதியை நீக்கிவிட்டிருந்தது. விடியும்வரை படகு ஐஸுக்காகத் துறையில் காத்து நின்றது. அன்றிலிருந்து, கோப்பில் எழுதி முடித்த பிறகே ஒப்புகை புறப்படுகிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஒப்புகையே வழியில் தொலைந்தால் செய்தி மறுபடி அனுப்பப்படும். 40 கட்டி 80 ஆகிவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பும்போதே ஓர் எண் இட்டு, ஏற்கெனவே வந்த எண் என்றால் ஒப்புகையை மட்டும் திருப்பி அனுப்புகிறோம். கரையில் எப்போதும் இயங்கும் கைப்பேசி ஒன்று படகுகளுக்கான செய்திகளை வாங்கி வைத்திருந்தாலும், அது தரும் ஒப்புகையைப் படகின் ஒப்புகையாக எண்ணி மூலப் பிரதியை அழிப்பதில்லை.

இவை அனைத்தும் ஏறத்தாழ 30 கைப்பேசிகளில் கண்டவை. நூற்றுக்கணக்கில் பெருகினால் கரைக் கைப்பேசியின் சுமை வேறாக இருக்கக்கூடும். ஏல விலைக்கு இன்றும் காசிப்சப்பையே வைத்திருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பல கைப்பேசிகள் அணைந்தே கிடப்பதால், ஒப்புகை வராத செய்திகளை 75 நாள்வரை அழிக்காமல் வைத்திருக்கிறோம்.