வெளுத்துப்போன வினைலுக்கு பெயின்ட்டா, டிரஸ்ஸிங்கா, புதுசா? எங்க போட்ல எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டு எழுதறேன்

எங்க போட் 24 அடி ஃபைபர் பாய்மரப் போட், 80கள்ல கட்டுனது, ப்ரிஸ்பேன் பக்கத்துல மேன்லி ஹார்பர்ல நிக்குது. ஃபைபர் உடம்புக்கு ஒரு கட்டிங் பாலிஷ் போட்டா திரும்ப பளபளன்னு வந்துடுது. பிரச்சனை அதுல இருக்கற வளையற ப்ளாஸ்டிக் சாமான்தான். துறையில உரசறத தாங்க போட்ட சுத்தி ஓடுற ரப் ரெயில் பட்டை, உள்ள காத்து போக டெக் மேல கொம்பு மாதிரி வளைஞ்சு நிக்கற கவுல் வென்ட், இடி தாங்க பக்கவாட்டுல தொங்கற ஃபெண்டர், ஆள் கடல்ல விழாம டெக் ஓரத்துல கட்டற லைஃப்லைன் கம்பி மேல இருக்கற வெள்ளை வினைல் உறை, எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு, சிலத தொட்டா கையில பவுடர், சிலது பிசுபிசுன்னு இருக்கு. கோடையில இங்க யூவி இன்டெக்ஸ் 11க்கு மேல போறது சாதாரணம், 40 வருஷம் வெயில்ல நின்ன சாமான் வேற எப்படி இருக்கும்.

முடிவ முதல்லயே சொல்லிடறேன். உரசாத இடத்துக்கு வினைல் பெயின்ட், உரசற இடத்துக்கு புதுசு வாங்கி மாத்தறது, ஃபெண்டருக்கு பெயின்ட் வேணாம், லைஃப்லைன் உறைக்கு பெயின்ட் டப்பாவ திறக்கவே கூடாது. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரியணும்.

வினைல்னு நாம சொல்றது பிவிசி. அது அடிப்படையில கெட்டியான ப்ளாஸ்டிக், நம்ம வீட்டு தண்ணி பைப்பும் அதுதான். அத வளைய வைக்கறது உள்ள கலந்திருக்கற ப்ளாஸ்டிசைசர்ங்கற எண்ணெய் மாதிரி ஒரு பொருள், மெத்துனு இருக்கற சாமான்ல எடையில மூணுல ஒரு பங்கு கூட அதுவா இருக்கும். வருஷக்கணக்கா வெயில் சூட்டுல அது கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசியும். கசிஞ்சது மேல நின்னா பிசுபிசுப்பு, முழுசா போயிட்டா விறைப்பு, சுருக்கம், கடைசியா வெடிப்பு. ரப் ரெயில் பட்டை ரெண்டு முனையிலயும் ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் உள்ள இழுத்துக்கிட்டு இடைவெளி விட்டிருந்தா அதான் காரணம். போன எண்ணெய எந்த பாட்டிலும் திரும்ப உள்ள ஏத்தாது, விளம்பரத்துல என்ன எழுதியிருந்தாலும் சரி.

டிரஸ்ஸிங்ல, அதாவது மங்கின ப்ளாஸ்டிக் மேல தேய்க்கற மெருகு திரவத்துல ஆரம்பிக்கறேன், எல்லாரும் முதல்ல போறது அங்கதானே. துணியில ஊத்தி தேச்சா உடனே கருப்பு கருப்பாவும் வெள்ளை வெள்ளையாவும் தெரியும், மனசுக்கு நல்லா இருக்கும், ஆனா உப்புத்தண்ணிக்கும் வெயிலுக்கும் சில வாரத்துல மங்கிடும். யூவி தடுப்பு உள்ள வகைய மாசாமாசம் போட்டுட்டே வந்தா புது சாமான் சீக்கிரம் கெடாம பார்த்துக்கலாம், அதுக்காக அத மதிக்கறேன். ஏற்கனவே பவுடரா ஆனதுக்கு அது தற்காலிகம்தான். இன்னொன்னு, சிலிக்கான் எண்ணெய் உள்ள டிரஸ்ஸிங்க தடவிட்டு பின்னாடி எப்பவாவது பெயின்ட் அடிக்கலாம்னு நினைச்சா பெயின்ட் மேல குட்டி குட்டி பள்ளமா மீன்கண்ணு மாதிரி விழும், அந்த சிலிக்கான முழுசா எடுக்கறது பெரும்பாடு. அதனால எது பண்ணப்போறோம்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க.

ஹீட் கன்னும் ஒரு வழின்னு சொல்றாங்க. கார் பம்பர்ல வர்ற கெட்டி கருப்பு பாலிப்ரொப்பிலீனுக்கு அது நிஜமாவே நிறத்த திருப்பித் தருது. மெத்துனு இருக்கற பிவிசிக்கு வேணாம், பட்டுனு வளைஞ்சிடும், அதிகம் சூடானா காரமான புகை வரும், அது உடம்புக்கு ஆகாது.

இப்ப பெயின்ட். இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, நானும் முதல் தடவ வீட்டு கேட்டுக்கு வாங்கின எண்ணெய் எனாமல் மிச்சம் இருக்கேன்னு ஒரு கவுல் வென்ட்டுல அடிச்சேன். மூணு வாரம் ஆச்சு, காயவே இல்ல, விரல் வச்சா ரேகை பதியுது, ஈ ஒட்டி செத்துப்போச்சு. காரணம் அதே ப்ளாஸ்டிசைசர்தான், அடியில இருந்து பெயின்ட்டுக்குள்ள ஏறி அத இளக வச்சுக்கிட்டே இருக்கும். தின்னர் போட்டு வழிச்சு எடுக்க ஒரு முழு சனிக்கிழமை போச்சு. பெயின்ட்டையும் ஹார்ட்னரையும் கலந்து அடிக்கற டூ-பேக் பாலியூரிதேன் இதுக்கு ரொம்ப மேல், வளைய வைக்கற ஃப்ளெக்ஸ் அடிட்டிவ் கலந்தா ஓரளவு வளையவும் செய்யும், ஆனா அதோட ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, ஸ்ப்ரே பண்ணா சாதா மாஸ்க் போதாது, வெளிக்காத்து குழாய் வச்ச மாஸ்க் வேணும். நாலு கவுல் வென்ட்டுக்காக நுரையீரல பணயம் வைக்காதீங்க, தயவுசெஞ்சு.

நல்லா நின்னது வினைலுக்குன்னே விக்கற ஸ்ப்ரே, கார் சீட்டுக்கு அடிக்கறது. அதுல இருக்கற சால்வென்ட் வினைல் மேல்தோல லேசா இளக்கி உள்ள கடிச்சு உட்காருது, மேல தனி தோலா நிக்காது, அதனால வளைச்சாலும் உரியல. ஆனா வெற்றி முக்கால்வாசி சுத்தம் பண்றதுலதான் இருக்கு. சாமான கழட்டி எடுங்க, போட்லயே வச்சு அடிச்சா ஜெல்கோட், அதாவது ஃபைபரோட பளபள மேல்பூச்சு மேல தூசியா பெயின்ட் படியும். சோப்புத்தண்ணி, சாம்பல் கலர் ஸ்காட்ச் ப்ரைட் வச்சு பவுடர் நிக்கற வரைக்கும் தேய்ங்க, நல்லா காய விட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. அசிட்டோன ஒரு துணியில லேசா தொட்டு ஒரே இழுப்பு இழுக்கலாம், ஊற வச்சீங்கன்னா வினைல் கூழா ஆயிடும். அப்புறம் மெல்லிசா, பனி படிஞ்ச மாதிரி நாலு கோட், நடுவுல பத்து நிமிஷம். தடிமனா ரெண்டு கோட் அடிச்சா வழியும், வளையற இடத்துல வெடிக்கும்.

அடிக்கறதுக்கு முன்னாடி அது பிவிசிதானான்னு பாருங்க. ஒரு சின்ன துண்டு வெட்டி தண்ணியில போட்டா பிவிசி முழுகும், பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். மிதக்கறதுல எந்த பெயின்ட்டும் சும்மா ஒட்டாது, பெயின்ட்ட ஒட்ட வைக்க அட்ஹீஷன் ப்ரமோட்டர்னு தனியா விக்கறத முதல்ல அடிக்கணும், அப்பவும் வளையற இடத்துல நம்பிக்கை கம்மி. வெள்ளை வினைல்ல ரோஸ் கலர் கறை இருந்தா அது அழுக்கு இல்ல, கிருமி விடற சாயம், உள்ள இறங்கினது, பெயின்ட்டுக்கு மேலயும் திரும்ப எட்டிப்பார்க்கலாம்.

இப்படி அடிச்ச கவுல் வென்ட் ரெண்டு கோடை தாண்டி இன்னும் வெள்ளையா நிக்குது, உள் பக்கம் சிவப்பும் அப்படியே இருக்கு. அதே டப்பா, அதே கையால ஒரு மீட்டர் ரப் ரெயில் பட்டையிலயும் அடிச்சுப் பார்த்தேன், படகுத்துறையில நாலு தடவ உரசினதும் அந்த இடம் மட்டும் பழைய சாம்பல் நிறம். பட்டையோட வேலையே உரசறதுதானே, அதுல பூசுன நிறம் எப்படி நிக்கும். அதான் அங்க மாத்தறது ஜெயிக்குது. நிறைய போட்ல கெட்டியான வெளி ரெயில் அப்படியே இருக்கும், நடுவுல ஓடுற மெத்துனு பட்டை மட்டும் தனியா உருவி எடுக்கலாம், மீட்டர் கணக்குல கிடைக்கும். பழசுல ஒரு துண்டு வெட்டி கையில எடுத்துட்டுப் போங்க, அகலம் 2 மில்லி மாறினாலும் காடியில உட்காராது.

ஃபெண்டர் கதை வேற. அது பிசுபிசுத்தா பெயின்ட் அடிக்கத் தோணும், அடிச்சா அந்த நிறம் உங்க போட் மேலயோ பக்கத்து போட் மேலயோ தேஞ்சு ஒட்டும். நல்லா கழுவி துணி உறை மாட்டுங்க, போதும். தூத்துக்குடி பக்கம் விசைப்படகுல பழைய டயர தொங்க விடுவாங்க, அடி தாங்கறதுல அத மிஞ்ச முடியாது, வெள்ளை ஜெல்கோட்டுல கருப்பு கோடு போடும்னுதான் இங்க நான் மாட்டறதில்ல.

லைஃப்லைன் பத்தி அழுத்திச் சொல்றேன். அந்த வெள்ளை உறைக்குள்ள இருக்கறது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, உறையில வெடிப்பு விழுந்தா உப்புத்தண்ணி உள்ள போய் தேங்கும், காத்து படாத இடத்துல ஸ்டெயின்லெஸ்ஸே அரிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. பெயின்ட் அடிச்சா அந்த வெடிப்பும் மறைஞ்சிடும், கடல்ல ஒருத்தர் அத நம்பி சாயறப்பதான் அறும். ஆழ்கடல் ரேஸ் விதிகள்லயே உறை இல்லாத கம்பிதான் வேணும்னு இருக்கு. நாங்க உறை ஓரத்துல பழுப்பு கறைய பார்த்தோம், அறுத்துப் பார்த்தா ஏழு இழையில ரெண்டு ஏற்கனவே போயிருந்துச்சு. அன்னைக்கே மொத்தத்தையும் கழட்டி வெறும் கம்பி போட்டோம்.

புது பட்டை போடறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. சுருளா வர்றத வெயில்லயோ சுடுதண்ணியிலயோ போட்டு இளக்குங்க, காடியில சோப்புத்தண்ணி தடவி ஒரு முனையிலருந்து அமுக்கிட்டே வாங்க, இழுத்து இழுத்து மாட்டாதீங்க. இழுத்தது ராத்திரி குளிர்ல சுருங்கும். முனையில ஒரு சாண் கூடவே விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுங்க, ஒரு வாரம் கழிச்சு வந்து வெட்டி, முனைக்கு வர்ற மூடிய திருகுங்க.