வேலூர்ல ரிட்டயர்டு ஹவில்தார் நடத்துற ஜெராக்ஸ் கடை: எங்க அப்பா பென்ஷன் திரும்ப வந்தது இங்கதான்

கடைக்குப் பெரிய போர்டெல்லாம் கிடையாது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் வேலைன்னு ஒரு சின்ன ஃப்ளெக்ஸ், அதுக்குக் கீழ செவத்துல பெயின்ட்ல "முன்னாள் ராணுவத்தினர் பென்ஷன் வேலை பார்க்கப்படும்"னு கையால எழுதியிருக்கும். வேலூர்ல இருந்து கணியம்பாடி போற ரோட்டுல, எங்க ஏரியா பஸ் ஸ்டாப்ப ஒட்டியே இருக்கு. நடத்துறவரு ஆர்மில கிளார்க்கா இருந்து ஹவில்தாரா வெளிய வந்தவரு, ஏரியாவுல எல்லாருக்கும் அவரு கிளார்க் சார்தான். அப்பாவுக்கு மூணு மாசமா நின்னு போயிருந்த பென்ஷன் இந்தக் கடைக்குப் போன பிறகுதான் வந்துச்சு, அதான் எழுதுறேன்.

எங்க பக்கம் மிலிட்ரி வீடுங்க எவ்ளோன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. பக்கத்துல கம்மவான்பேட்டைய மிலிட்ரி ஊருன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு ஒருத்தராவது போயிருப்பாங்க. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு பாருங்க, இந்த ஊர்ல இருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனாங்க, அதுல 14 பேர் உயிர விட்டாங்கன்னு. காய் வாங்கப் போறப்பல்லாம் நான் ஒரு நிமிஷம் நின்னு அதப் பாத்துட்டுதான் வருவேன். எங்க தெருவுல மட்டும் ஒன்பது வீட்ல மிலிட்ரி பென்ஷன் வருது, அதுல நாலு வீட்ல வாங்குறது கணவர் போயிட்ட அம்மாங்க.

அப்பா ஆர்மியோட இன்ஜினியர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ், பெங்களூர் சென்டர், 1969ல சேர்ந்தவரு, 1971 சண்டையில இருந்தாரு, 1986ல நாயக் ரேங்க்ல வெளிய வந்தாரு. முன்னல்லாம் பென்ஷன் பேங்க் வழியா வரும், நவம்பர் மாசம் பேங்குக்குப் போயி மேனேஜர் முன்னாடி கையெழுத்து போட்டா வேலை முடிஞ்சுது. இப்ப எல்லாம் ஸ்பர்ஷ்னு ஒரே ஆன்லைன் சிஸ்டம், பிரயாக்ராஜ்ல இருக்குற பென்ஷன் ஆபீஸ்ல இருந்து நேரா அக்கவுன்ட்டுக்கு வருது. சிஸ்டம் நல்லதுதான், ஆனா எழுபது எண்பது வயசுல இருக்குறவங்களுக்கு யூசர் ஐடி, பாஸ்வேர்டு, ஓடிபின்னா என்ன பண்ணுவாங்க சொல்லுங்க. நான் சென்னையில வேலையில இருந்தேன், அப்பா தனியா ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயி, உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் காட்டுற லைஃப் சர்டிபிகேட்ட போட்டுட்டு வந்துட்டாரு, கையில பிரின்ட் அவுட்டும் கொடுத்துட்டாங்க, நாங்களும் முடிஞ்சுதுன்னு நெனச்சிட்டோம். அப்புறம் பணம் வரல. பேங்குல போயி கேட்டா எங்களுக்குத் தெரியாது ஸ்பர்ஷ்ல கேளுங்கன்னாங்க, ஸ்பர்ஷ்ல எங்க போயி கேக்குறதுன்னு அப்பாவுக்குத் தெரியல, மூணு மாசம் என்கிட்ட கூட சொல்லாம சேத்து வச்ச காச எடுத்து மாத்திரை வாங்கியிருக்காரு. அது தெரிஞ்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.

அடுத்த பஸ்ஸ புடிச்சு வந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான் கிளார்க் சார் கடைக்குப் போங்கன்னாரு.

உள்ள போனதும் நான் கவனிச்ச மொத விஷயம், சாரு எழுந்து நின்னாரு. அப்பாவப் பாத்து ஜெய்ஹிந்த் சொல்லிட்டு, "எந்த குரூப்புங்கய்யா?"ன்னு கேட்டாரு. அப்பா "எம்இஜி தம்பி"ன்னாரு, மெட்ராஸ் சாப்பர்ஸத்தான் அப்படிச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ஆர்மி நம்பர் கேட்டாரு, ஏடிஎம் பின் நம்பரே மறந்துபோற எங்க அப்பா அம்பது வருஷத்துக்கு முந்தின நம்பர ஒரு எழுத்து விடாம கடகடன்னு சொன்னாரு. உக்காருங்கன்னு தன்னோட சேர கொடுத்துட்டு நின்னுக்கிட்டே வேலை பாத்தாரு. ஆகஸ்ட் 15க்கு ஸ்கூல்ல கூப்பிட்டு சால்வை போடுவாங்க, அப்பாவுக்கு அது சந்தோஷம்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா அன்னிக்கு அந்தக் கடையில அவரு மொகத்துல பாத்த தெளிவ நான் ரொம்ப நாளா பாக்கல.

பிரச்சனைய கண்டுபுடிக்க சாருக்கு பத்து நிமிஷம் கூட ஆகல. பழைய பிரின்ட் அவுட்ட பாத்ததுமே சொல்லிட்டாரு. ஜீவன் பிரமாண்ங்கிற ஆன்லைன் முறையில லைஃப் சர்டிபிகேட் போடும்போது பென்ஷன் யாரு கொடுக்குறாங்கன்னு ஒரு எடம் வரும், அதுல ஸ்பர்ஷ்னு செலக்ட் பண்ணணும், அந்த சென்டர்ல பழக்கதோஷத்துல பேங்க் பேர போட்டுட்டாங்க. சர்டிபிகேட் ரெடி ஆயிடும், நம்பர் கூட வரும், ஆனா போக வேண்டிய எடத்துக்குப் போகாது. இது மாதிரி மாசத்துக்கு நாலஞ்சு பேர் வர்றாங்கன்னு சொன்னாரு. மறுபடி போடலாம்னா அப்பா கைரேக விழல, கொத்து வேலை வயல் வேலை பாத்த கை, ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. நாலு வெரலு மாத்தி மாத்தி வச்சுப் பாத்துட்டு, சரி வேணாம்னு ஃபோன் கேமராவுல மொகத்த காட்டிப் போடுற முறையில போட்டாரு. கண்ண மூடித் தெறங்கய்யான்னு பொறுமையா சொல்லிச் சொல்லி எடுத்தாரு. அடுத்த மாசமே நிலுவையோட சேத்து மொத்தமும் வந்துடுச்சு.

வாங்குனது அம்பது ரூபா. அதுவும் நான் வற்புறுத்திக் கொடுத்தது இல்ல, அங்க ரேட்டே அவ்ளோதான். கணவர் போன பிறகு வர்ற ஃபேமிலி பென்ஷன வாங்குற அம்மாங்ககிட்ட காசே வாங்குறது இல்ல, ஜெராக்ஸுக்குக் கூட.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் புடிச்சது, ஓடிபிய அவரு கேக்கவே மாட்டாரு. கீபோர்ட திருப்பி வச்சு பெரியவங்களையே தட்டச் சொல்லுவாரு, நேரம் ஆனாலும் பரவால்ல. பாஸ்வேர்ட ஒரு துண்டு சீட்டுல எழுதி கவர்ல போட்டு ஒட்டி, வீட்ல பீரோவுல வைங்க, எங்கிட்டயும் வேணாம் பேரன்கிட்டயும் வேணாம்னு சொல்லி அனுப்புவாரு. பென்ஷன் ஆபீஸ்ல இருந்து பேசுறோம்னு ஃபோன் பண்ணி ஏமாத்துற கூட்டம் இருக்குற காலத்துல இது எவ்ளோ பெரிய விஷயம்.

அப்பா வேலை முடிஞ்சப்புறம் எங்க எதுத்த வீட்டுப் பாட்டிய கூட்டிட்டுப் போனேன். தாத்தா ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, போயி ரொம்ப வருஷம் ஆச்சு. பாட்டிக்கு வேணும்னது வெறும் லைஃப் சர்டிபிகேட்தான். சாரு ஆதார வாங்கிப் பாத்துட்டு, "பாட்டி, உங்களுக்கு 83 வயசு ஆகுது, எக்ஸ்ட்ரா பென்ஷன் வருதா?"ன்னு கேட்டாரு. பாட்டி, "இன்னா எக்ஸ்ட்ரா கண்ணு, வர்றத வாங்கிக்கினு கீறேன்"ன்னாங்க. விஷயம் என்னன்னா 80 வயசு ஆனதும் அடிப்படை பென்ஷன்ல 20 சதவீதம் கூட்டிக் கொடுக்கணும், 85ல 30, 90ல 40, 95ல 50, 100 வயசு ஆனா இன்னொரு பங்கு முழுசா. ஃபேமிலி பென்ஷனுக்கும் இது உண்டு. தானா ஏறிடும்தான், ஆனா அதுக்கு ரெக்கார்டுல அந்தம்மா பொறந்த தேதி இருக்கணும். தாத்தா சர்வீஸ்ல இருந்த காலத்துல மனைவி பேர எழுதுனாங்களே தவிர பொறந்த தேதிய யாரும் எழுதல. பிபிஓன்னு சொல்ற பென்ஷன் ஆர்டர் பேப்பர்ல அந்த எடம் காலியா இருந்துச்சு. மூணு வருஷமா பாட்டிக்கு வர வேண்டிய பணம் வராம இருந்திருக்கு, யாரும் கேக்கல, கேக்கணும்னும் யாருக்கும் தெரியல.

சாரு தாத்தா ஆர்மில இருந்து வெளிய வந்தப்ப கொடுத்த டிஸ்சார்ஜ் புக்க கொண்டு வரச் சொன்னாரு. பாட்டி அத பழைய பட்டுப் புடவையில சுத்தி டிரங்குப் பெட்டியில வச்சிருந்தாங்க, தாத்தாவோட மெடலும் அதுகூடவே இருந்துச்சு. ஆதார், பான் கார்டு, பிபிஓ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஸ்பர்ஷ்ல ரிக்வெஸ்ட் போட்டு, ஆர்மி ரெக்கார்டு ஆபீஸுக்கு ஒரு லெட்டர் டைப் பண்ணி ஸ்பீடு போஸ்ட்லயும் அனுப்புனாரு. பேர்ல ஒரு எழுத்து ஆதார்ல ஒரு மாதிரி, பிபிஓல ஒரு மாதிரி இருந்துச்சு, அதுக்கு அஃபிடவிட் வேற. நாலு மாசம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ திருப்பி அனுப்புனாங்க, ஒவ்வொரு தடவையும் சாரே ஃபோன் பண்ணி இந்த பேப்பர் எடுத்துட்டு வாம்மான்னு எனக்குச் சொன்னாரு. பாட்டி 80 ஆன மாசத்துல இருந்து கணக்கு போட்டு நிலுவை வந்துச்சு. அந்தப் பணத்துல சமையல்கட்டு கூரை ஓடுங்கள மாத்துனாங்க, மழைக்கு அங்கதான் ஒழுகும்.

குறையும் சொல்லணும்ல. எடம் ரொம்பச் சின்னது, நாலு சேர்தான், மீதிப் பேர் வெயில்ல நிக்கணும். வாசப்படி ரெண்டும் ஒசரம், முட்டி வலி இருக்குறவங்களுக்குக் கஷ்டம், ஒரு கைப்புடியாவது வைக்கச் சொல்லி நான் சொல்லியிருக்கேன். நவம்பர்ல கூட்டம் தாங்காது. கரன்ட் போச்சுன்னா வேலை நிக்கும். சாரு கொரல் கொஞ்சம் பெருசு, காது கேக்காதவங்ககிட்ட பேசிப் பேசி அப்படி ஆயிடுச்சு, மொத தடவ போறவங்க திட்டுறாருன்னு நெனச்சுக்காதீங்க.

ஏரியாக்காரங்களும் கூட நிக்கிறாங்க, அதயும் சொல்லிடறேன். ஸ்டாண்டுல இருக்குற ரெண்டு ஆட்டோ அண்ணனுங்க நவம்பர் பூரா நடக்க முடியாத பெரியவங்கள காசு வாங்காம கொண்டு வந்து விடுறாங்க. என்சிசி புள்ளைங்க சனிக்கிழமையில வந்து ஃபார்ம் எழுதித் தருதுங்க, பக்கத்து டீக்கடையில இருந்து பெஞ்ச் வந்துடும். போன டிசம்பர் 7 கொடி நாளுக்கு அந்தப் புள்ளைங்கதான் கடை வாசல்ல நின்னு உண்டியல் வசூல் பண்ணுச்சுங்க.

பென்ஷன் மட்டும் இல்ல, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ ஸ்கீமான இசிஎச்எஸ் கார்டுக்கும் போட்டுத் தர்றாரு. 1996க்கு முன்னாடி ரிட்டயர் ஆனவங்களுக்கு அதுல பணம் கட்ட வேண்டியதில்லன்னு எங்களுக்கே அவரு சொல்லித்தான் தெரியும், 2003ல இருந்து இருக்குற ஸ்கீம், அப்பா இத்தன வருஷம் கைக்காசுல டாக்டர் பாத்துட்டு இருந்தாரு. தொழிற்படிப்புல சேர்ற முன்னாள் ராணுவத்தினர் புள்ளைங்களுக்குப் பிரதமர் ஸ்காலர்ஷிப், பொண்ணுங்களுக்கு மாசம் 3000, பசங்களுக்கு 2500, அதுக்கும் அப்ளை பண்ணித் தர்றாரு. சின்ன வயசுலயே ஆர்மில இருந்து வெளிய வந்து என்ன பண்றதுன்னு நிக்கிற பசங்ககிட்ட தொழில் தொடங்கக் கொடுக்குற காக்கும் கரங்கள் லோன் பத்திப் பேசுவாரு, 2024 சுதந்திர தின உரையில முதல்வர் அறிவிச்சது, ஒரு கோடி வரைக்கும் லோன், 30 சதவீதம் மானியம், வட்டியில 3 சதவீதம் கழிவு.

என்னோட ரேட்டிங் 5க்கு 4.5, அந்த அரை மார்க் படிக்கட்டுக்கு. போறவங்க டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஆதார், பான், பேங்க் பாஸ்புக், ஆதாரோட சேத்த ஃபோன் நம்பர் இருக்குற செல்லு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு காலைல பத்து மணிக்குள்ள போயிடுங்க, மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் கடை சாத்தியிருக்கும். உங்க தெருவுல மிலிட்ரி ஃபேமிலி பென்ஷன் வாங்குற பாட்டி யாராவது 80 தாண்டி இருந்தா, ஒரு தடவ அவங்க பிபிஓவ வாங்கிப் பொறந்த தேதி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கூட்டிட்டு வாங்க, படி ஏத்தி விட ஆட்டோ அண்ணனுங்க இருப்பாங்க.