பார்ட் டைம் வேலைக்கு என்று யாருக்கும் பணம் கட்டாதீர்கள்: என் 650 பவுண்டு போயிற்று

லண்டனுக்குப் படிக்க வந்திருப்பவர்களும் வரப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், வயிறு எரிகிறது.

கிழக்கு லண்டனில் நம் ஆட்கள் நடத்தும் வேலை பிடித்துத் தரும் அலுவலகம் ஒன்று. பெயர் போடவில்லை. "ஸ்டூடன்ட் விசாவுக்கு ஏத்த வேலை, வாரம் 20 மணிநேரம், பேஸ்லிப்போட" என்று வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம். நேரில் போனால் அந்த அண்ணன், "சாப்ட்டியா தம்பி?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். தானும் மாணவனாக வந்து குளிரில் வேலை தேடி அலைந்தவராம். வீடியோ காலில் அம்மாவிடமும் பேசினார். "உங்க பையன நான் பாத்துக்கிறேம்மா." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு பேச்சுக்குத்தான் 650 பவுண்டு அனுப்பினேன். கிடங்கு வேலை, இங்கே வேலை செய்பவர்களுக்கு வரிக் கணக்குக்காக அரசு தரும் நேஷனல் இன்சூரன்ஸ் எண் எல்லாம் அதிலேயே அடக்கம் என்றார். ஊர்க் கணக்கில் எழுபதாயிரத்துக்கு மேல்.

கிடங்கு வேலை வரவில்லை. யார் பெயரிலோ இருக்கும் உணவு டெலிவரி கணக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதற்கும் வாரா வாரம் வாடகையாம்! மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. இந்த டெலிவரி வேலை சுயதொழில் கணக்கில்தான் வரும். இதில் அடுத்தவன் பெயரில் ஓட்டி மாட்டினால் விசாவும் போய்விடும், படிப்பும் போய்விடும். இதைச் சொன்னதற்கு, "எல்லாரும் ஓட்டுறாங்க, நீ மட்டும் என்ன சட்டம் பேசுற?" என்றார். நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணுக்கு அரசு தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் என்னிடம் வாங்கியிருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "அக்கவுண்ட்ஸ் பாக்கிற பொண்ணு லீவு" என்றார்கள். அப்புறம் "அண்ணன் இந்தியா போயிருக்கார்". அன்று சாயங்காலம் அவர் ஸ்டேட்டஸில் இதே லண்டனின் ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு! அப்புறம் "அது சர்வீஸ் சார்ஜ், திரும்ப வராது". விடாமல் கேட்டதும், "ரொம்பப் பேசினா ஹோம் ஆபீசுக்கு எழுதிப் போட்டுடுவேன்" என்று மிரட்டல். விசாவைப் பார்க்கும் அரசுத் துறை அது. 650 பவுண்டை விழுங்கியது அவர், பயப்பட வேண்டியது நானா? வங்கியில் புகார் கொடுத்தால், உங்கள் இருவருக்குள் உள்ள தகராறு போலத் தெரிகிறது என்கிறார்கள்.

சரி, சொல்கிறேன் என்றேனே. வேலை தேடித் தருவதற்கு வேலை கேட்பவரிடமே ஏஜென்சி பணம் வாங்குவது இங்கே 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடிப்பு, மாடலிங் மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வேலை செய்ய விடும் அந்த 20 மணிநேரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை, எல்லா வேலையும் சேர்த்து. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சரிக்கட்ட முடியாது. எம்.எஸ்சி. படிப்பவர்கள் கோடை முழுக்க விடுமுறை என்று நினைத்து முழுநேரம் வேலைக்குப் போய்விடாதீர்கள், ஆய்வறிக்கை எழுதும் காலமும் பெரும்பாலும் படிப்புக் காலம்தான், பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது கை நடுங்குகிறது.

அந்த ஆள் இன்று காலைகூட "ஜனவரி இன்டேக் பிள்ளைகளுக்கு வேலை ரெடி" என்று அதே குழுவில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.